தீராத கட்டை

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தென்றலின் படிப்பு நின்றது. நிறுத்தியது ஒரு ஜோடி பேட்டரி கட்டை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் அந்த வீட்டில் யாரும் வெளியில் சொல்லவில்லை.

அவளுடைய அப்பா கண்ணாயிரம் சினிமா தியேட்டரில் டார்ச் அடிக்கிறவர். மாட்னிக்கும் பர்ஸ்ட் ஷோவுக்கும் படம் ஆரம்பித்த பிறகு வருகிறவர்களை இருட்டில் கூட்டிப்போய், காலி இடம் பார்த்து உட்கார வைக்க வேண்டும். திருவண்ணாமலையில் அந்தத் தொண்ணூற்று நாலாம் வருஷத்தில் டைட்டில் போடும்போதே வந்து உட்கார்ந்த உத்தமர்கள் குறைவு. முக்கால்வாசிப்பேர் கதாநாயகி அறிமுகமான பிறகுதான் வாசல் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வருவார்கள். ஆகவே அவருக்கு வேலை ஓயாது. கண்ணாயிரம் என்று பெயர் வைத்துக்கொண்டு இருட்டில் வழி காட்டுகிறவரை ஊர் சும்மா விடுமா? “ஆயிரம் கண்ணு இருக்குது, உனக்கு எதுக்குய்யா டார்ச்சு?” என்று கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

தியேட்டரில் மாதத்துக்கு ஒரு ஜோடி கட்டை கொடுப்பார்கள். அதற்குள் தீர்ந்தால் அவர் பாடு. அதனால் கட்டையைக் காப்பாற்றும் பொறுப்பு மனைவி ஆதிலட்சுமியிடம் வந்து சேர்ந்தது. அவள் அதைக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொண்டாள். அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் டார்ச்சின் பின்மூடியைத் திருகிக் கட்டைகளை வெளியே எடுத்துவிடுவாள். உள்ளேயே விட்டுவைத்தால் தண்ணீர் விட்டுக்கொண்டு, வெள்ளையாகப் பூத்து, ஸ்பிரிங்கைத் துரு தின்றுவிடும். எடுத்ததைத் துடைத்துத் துணியில் சுற்றி, பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டுவாள். சாவி இடுப்பில் இருக்கும். ஊருக்குப் போகும்போது டார்ச்சை எடுத்துப்போனால் ஒரு கட்டையைத் தலைகீழாகப் போட்டு வைப்பாள். பைக்குள் எதுவும் இடித்து ஸ்விட்ச் நகர்ந்தாலும் எரியாது. தேய ஆரம்பித்த கட்டையை மாடியில் வெயிலில் காய வைத்து எடுத்தால் இன்னும் இரண்டு நாள் வரும். வீட்டில் மட்டும் டார்ச்சைப் போட்டுப் பார்க்கக் கூடாது. போட்டுப் பார்ப்பதிலேயே பாதி தீர்ந்துவிடும் என்பது அவள் கட்சி.

இப்படி மாதம் முழுக்க வந்துகொண்டிருந்த கட்டை, அந்த வருஷம் ஆடி வாக்கில் தகராறு செய்ய ஆரம்பித்தது.

“கட்டை போயிடுச்சுடி. மினுக்கு மினுக்குனு எரியுது” என்று கண்ணாயிரம் டார்ச்சைக் கொண்டுவந்து போட்டார். அப்போது மாதத்தில் பாதிதான் ஆகியிருந்தது. புதுக் கட்டை வாங்கினார்கள். அது அதைவிடச் சீக்கிரம் போனது. தீர்ந்த கட்டையை எறிகிறவள் இல்லை ஆதிலட்சுமி. டார்ச்சுக்கு ஆகாத கட்டை ரேடியோவுக்கு ஆகும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். அந்த வருஷம் அவள் வீட்டு டிரான்சிஸ்டர் காலையில் ஆரம்பித்துக் கணீரென்று பாடிக்கொண்டே இருந்தது. பாடட்டும் என்று விட்டாள். அது என்ன சொல்கிறது என்று அவளுக்குப் புரிந்திருக்க நியாயமில்லை.

தியேட்டரிலும் பேச்சு வந்தது. மானேஜர் சம்பந்தமூர்த்தி கூப்பிட்டு, “ஏன்யா, நேத்து ஒரு பொம்பள மடியில ஒருத்தனை உக்கார வெச்சுட்டியாமே?” என்றார்.

“கட்டை சரியில்லைங்க. வெளிச்சமே வரலைங்க.”

“மாசத்துக்கு ஒரு ஜோடிதான்யா. ஜாஸ்தி கேட்டா முதலாளி என்னைத்தான் கேப்பாரு. உன் வீட்டுல போயி விசாரி, யாரு தீக்கறாங்கன்னு.”

கண்ணாயிரம், கட்டை விற்கிற அப்பாதுரையின் கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். அப்பாதுரைக்கு வாய் கொஞ்சம் நீளம். “என் சரக்கைக் குத்தம் சொல்லாதண்ணே. ஊரு பூரா வாங்குது, ஒருத்தன் திருப்பிக் கொண்டாரல. உன் வீட்டுல பாரு. வயசுப் பொண்ணு இருக்குது, மேல மாடி இருக்குது, எதிர்ல லாட்ஜ் இருக்குது. கட்டை தீராம என்னா பண்ணும்?” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றவனைப் பார்த்துக் கண்ணடித்தான். விளையாட்டுக்குச் சொன்னான். அவன் சொன்னதை அவனே அரை நாளில் மறந்திருப்பான்.

கண்ணாயிரம் மறக்கவில்லை. வேறு ஒருவராக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். இவர் வருஷக்கணக்கில் தியேட்டர் மூலை சீட்டுகளில் டார்ச் அடித்துப் பார்த்தவர். வெளிச்சம் விழுந்ததும் பதறி விலகும் கைகளையும், முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளும் பெண்களையும் பார்த்துப் பார்த்து, இருட்டு என்றாலே அவர் மனசு ஒரே பக்கம்தான் ஓடும். தன் வீட்டு மொட்டை மாடியும் அவருக்கு ஒரு மூலை சீட்டாகிவிட்டது.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம். அன்று தியேட்டருக்குப் படப்பெட்டி வந்து சேரவில்லை, ஷோ இல்லை. கண்ணாயிரம் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். திடீரென்று மழை பிடித்துக் கரண்டும் போனது. மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஆதிலட்சுமியே பீரோவைத் திறந்து, கட்டையைப் போட்டு, டார்ச்சைத் தென்றல் கையில் கொடுத்து மேலே அனுப்பினாள். அந்தப் பெண் ஒரு கையால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மறுகையால் துணியை உருவினால் வெளிச்சம் அங்கும் இங்கும் ஆடத்தானே செய்யும்? பின் வீட்டு அருணகிரி அதைப் பார்த்தார். மறுநாள் காலையில் டீக்கடையில், “நேத்து உங்க மாடியில லைட்டு ஆடிச்சே, பாப்பாவா?” என்று கண்ணாயிரத்திடம் சாதாரணமாகக் கேட்டார்.

வீட்டுக்கு வந்த மனிதர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “எங்க அவ? லாட்ஜுல எவனுக்குடி லைட்டு அடிக்கிறா இவ?”

“ஐயோ, துணி எடுக்க நான்தாங்க குடுத்து அனுப்பினேன்” என்றாள் ஆதிலட்சுமி.

“நேத்து நீ குடுத்த. மத்த நாளு? கட்டை தானா தீருதா?”

தென்றல் பள்ளிக்கூடச் சீருடையில் பையோடு நின்றிருந்தாள். நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டும் என்று ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் தவறாத பெண். அவளுக்கு முதலில் அப்பா என்ன பேசுகிறார் என்றே விளங்கவில்லை. கட்டை தீர்கிறது என்பது மட்டும் விளங்கியது. அம்மாவிடம் டார்ச்சை வாங்கி, ஜன்னல் இல்லாத சாமான் அறைக்குள் போய்ப் போட்டுக் காட்டினாள். சுவரில் வட்டமாக, பளிச்சென்று வெளிச்சம் விழுந்தது.

“பாருப்பா, நல்லாத்தான எரியுது?”

கண்ணாயிரம் சுவரைப் பார்த்தார். “இதுவா நல்லா எரியுது? தீக்குச்சி கூட இதுக்கு மேல எரியும். யாருகிட்டடி பொய் சொல்ற?”

தென்றல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஆதிலட்சுமிக்கும் வெளிச்சம் நன்றாகத்தான் தெரிந்தது. அந்த இடத்தில் அவள், ஆமாம் நன்றாக எரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் கட்டை விஷயத்தில் அவளுக்கு எல்லாம் தெரியுமே. தெரிந்தது முந்திக்கொண்டு வந்து நின்றது.

“ராத்திரி பூரா சும்மா கிடந்த கட்டை எடுத்தவுடனே பளிச்சுனுதான் எரியும். கொஞ்ச நேரத்துல படுத்துடும்” என்றாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. தேய்ந்த கட்டை அப்படித்தான் செய்யும். ஆனால் அந்த வார்த்தை முடிவதற்குள் தென்றலின் கன்னத்தில் அறை விழுந்தது. டார்ச் கையிலிருந்து கீழே உருண்டது. அதையும் ஆதிலட்சுமிதான் ஓடிப்போய் எடுத்து, கண்ணாடி உடைந்ததா என்று முதலில் பார்த்தாள்.

அன்றிலிருந்து ஆதிலட்சுமியின் மனசும் கெட்டுப்போனது. இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான். வேறு ஒருத்தி வீட்டில் கட்டை தீர்ந்தால், சரியாக வைக்கத் தெரியாதவள் என்று விட்டுவிடலாம். தான் துடைத்து, சுற்றி, பூட்டி வைத்த கட்டை தானாக எப்படித் தீரும்? யாரோ எடுத்தால்தான் தீரும். வீட்டில் இருப்பது மூன்று பேர். தான் பத்திரமாக வைத்திருப்பதன்மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை, பெற்ற பெண்ணின்மேல் சந்தேகமாகத் திரும்பியது. ஒரு நாள் பீரோ சாவியை இடுப்பிலிருந்து எடுத்துத் தாலிச் சரட்டில் கோத்துக்கொண்டாள். தூங்கும்போதும் யாரும் எடுக்க முடியாது. தென்றல் எதிரில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சாவி இடம் மாறுவதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டில் யாரிடமும் கட்டையைப் பற்றி எதையும் எடுத்துச் சொல்லவில்லை.

சாவி சரட்டுக்குப் போன பிறகும் கட்டை தீர்ந்துகொண்டுதான் இருந்தது. சந்தேகம் அதற்கெல்லாம் அசைகிறதா என்ன? தை பிறந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. பரீட்சை எழுதுகிறேன் என்று தென்றல் அழுது பார்த்தாள். வகுப்பு டீச்சர் ஒருத்தி வீடு தேடி வந்து, இந்தப் பரீட்சையை மட்டும் எழுத விடுங்கள் என்று கெஞ்சினாள். அவளுக்குக் காபி கொடுத்து அனுப்பிவைத்தார்கள். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பத்தில் இருசப்பன் என்று ஒரு பையன் கிடைத்தான். நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. தென்றலோடு படித்த பெண்கள் ஹால் டிக்கெட் வாங்கின வாரத்தில் அவளுக்குத் தாலி ஏறியது.

கல்யாணத்துக்கு முதல்நாள் ஆதிலட்சுமி மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். அப்போது தொண்டை வரைக்கும் ஒரு கேள்வி வந்தது. நீ அப்படி ஏதாவது செய்தாயா என்று கேட்டுவிட வேண்டும். ஆமாம் என்று சொல்லிவிட்டால்? நாளைக்குப் பொழுது விடிந்தால் முகூர்த்தம். இல்லை என்று சொல்லிவிட்டால்? அது அதைவிடப் பெரிய தொல்லை. கேள்வியை விழுங்கிவிட்டு, “தலையை ஆட்டாத” என்று மட்டும் சொன்னாள். தென்றல் ஆட்டவே இல்லை.

பெண் புருஷன் வீட்டுக்குப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. கண்ணாயிரம் டார்ச்சைக் கொண்டுவந்து வைத்தார். “கட்டை போயிடுச்சுடி.”

ஆதிலட்சுமி கணக்குப் போட்டுப் பார்த்தாள். இப்போது யார் எடுத்தது? வீட்டில் இருப்பது தானும் அவரும்தான். அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். “கம்பெனியே மோசம். வேற கம்பெனி கட்டை வாங்கணும்” என்று முணுமுணுத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துவிட்டார். அவளும் வாயைத் திறக்கவில்லை. தாலி ஏறியாயிற்று, இனிமேல் திறந்து என்ன ஆகப்போகிறது? ஆனால் அன்றைக்குப் பிறகு சோறு அவளுக்குச் சரியாக இறங்கவில்லை.

கார்த்திகை தீபத்துக்குத் தென்றலும் இருசப்பனும் வந்தார்கள். தென்றலுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. சாயங்காலம் தெருவில் எல்லா மாடியிலும் ஜனம். மலையில் தீபம் ஏறுகிற வரைக்கும் எந்த வீட்டிலும் விளக்கேற்ற மாட்டார்கள். அகலில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டுத் தயாராக வைத்துவிட்டு, எல்லாரும் உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. கோயில் பக்கத்தில் வேட்டுச் சத்தம் கேட்டது. உடனே ஊரே ஒரே குரலில், “அண்ணாமலையாருக்கு அரோகரா!” என்றது. மாடி மாடியாகக் கைகள் தலைக்குமேல் குவிந்தன.

கண்ணாயிரத்தின் கைகள் மட்டும் இறங்கியே இருந்தன. அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார்.

“ஏத்திட்டாங்களா? எங்கடி? மேகம் மறைக்குதா?”

பக்கத்தில் நின்ற தென்றல் திரும்பி அவரைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த மலை. தூங்கி எழுந்தால் கண் தானாகப் போய் நிற்கிற உச்சி. அதில் தீபம் கொழுந்துவிட்டு எரிகிறது, இவர் அதைத் தேடுகிறார். அவள் அப்பாவின் முகவாயைப் பிடித்து மெல்ல மலைப் பக்கம் திருப்பினாள். “அங்கப்பா. நேரா.”

கொஞ்ச நேரம் ஆனது. “ஆங், தெரியுது தெரியுது” என்று கும்பிட்டார். “இந்த வருஷம் நெய்யைக் கம்மி பண்ணிட்டானுங்க போல. மினுக்கு மினுக்குனுல்ல எரியுது?”

முகவாயிலிருந்து தென்றலின் கை அப்படியே இறங்கியது. அவள் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் ஆதிலட்சுமி தாங்கிக்கொண்டிருப்பாள். அது இல்லை. கணக்குப் பாடத்தில் விடை கிடைத்த பெண்ணைப்போல் ஒரு தெளிவுதான் இருந்தது.

“கட்டை தீரலம்மா” என்றாள். பிறகு, அகல்களை ஏற்றுவதற்காகக் கீழே இறங்கிப் போனாள்.

ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டபோது ஆதிலட்சுமி அவரைக் கூட்டிப்போனாள். வர மாட்டேன், எனக்கு என்ன குறை என்று அவர் குதித்த குதிக்கெல்லாம் அவள் மசியவில்லை. டாக்டரம்மா இரண்டு கண்ணையும் வெகு நேரம் பார்த்தார். மேலே நடுவே சுற்றுமுற்றும் விரலைக் காட்டி, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். பாதிக்குமேல் இல்லை என்றே பதில் வந்தது.

“கண்ணுல பிரஷர் ஏறி நரம்பு வாடிப் போச்சுய்யா. மெதுவா வர்ற வியாதி, வலி இருக்காது, நமக்கே தெரியாது. போன பார்வை போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்தலாம், சொட்டு மருந்து விடாம போடணும். எப்பல இருந்து மங்கலாத் தெரியுது?”

கண்ணாயிரம் யோசித்தார். “மங்கலா எல்லாம் தெரியலைங்கம்மா. கட்டைதான் சீக்கிரம் சீக்கிரமாத் தீந்துச்சு...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். தான் சொன்னதைத் தன் காதாலேயே கேட்டுவிட்டார்.

“போன வருஷமே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்” என்று டாக்டரம்மா சீட்டு எழுதினார்.

வெளியில் வந்து பள்ளிக்கூட மரத்தடியில் உட்கார்ந்தார்கள். கண் போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை என்ன ஆகும் என்றும் கேட்கவில்லை. “அப்ப அந்தப் புள்ள எடுக்கலியாடி?” என்றார்.

“இல்லைங்க.”

“பரிச்சை எழுதறேன்னு அழுதாளே.”

ஆதிலட்சுமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். போகிற வருகிறவர்கள், கண் ஆபரேஷனுக்குப் பயந்து அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு தைரியம் சொன்னார்கள்.

அந்த வாரமே கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் அவர் உதடு அசைந்துகொண்டே வந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று பழகிக்கொள்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. பெற்றவன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு நம் பக்கத்தில் பழக்கம் கிடையாது. அந்த வார்த்தை வாயில் புரளவே நேரமாகும்.

இருசப்பன் வயலுக்குப் போயிருந்தான். தென்றல் வாசலில் காய்கிற மல்லாட்டையைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். “வாங்க” என்று எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நீட்டவில்லை, அவருடைய கையைப் பிடித்து அதில் வைத்தாள். டாக்டர் என்ன சொன்னார், மருந்து எத்தனை வேளை போட வேண்டும் என்று அம்மாவிடம் விசாரித்தாள். நர்ஸ் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

கண்ணாயிரம் தண்ணீரைக் குடிக்காமல் சொம்பைப் பிடித்தபடி இருந்தார். பஸ்ஸில் பழகிய வார்த்தை வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

“நீ மாடியில யாருக்கும் லைட்டு அடிக்கல இல்லம்மா?”

ஆதிலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவுக்கும் அப்புறம் ஒரு கேள்வியா? அவர் வாயைப் பொத்திவிடலாம் போல இருந்தது. தென்றலுக்குக் கோபம் வரவில்லை.

“இல்லப்பா” என்றாள்.

அவர் அவளை அறைந்தார், பள்ளிக்கூடத்தை நிறுத்தினார், மாப்பிள்ளை பார்த்தார். எல்லாம் செய்தவர் இதை அவளிடம் கேட்டது இப்போதுதான். கேட்டதற்கு ஒரு மூச்சில் பதில் கிடைத்துவிட்டது. அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும் என்று தெரியாமல் போயிற்றே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சொம்புத் தண்ணீர் மடியில் கொட்டுவது தெரியாமல் குலுங்கிக் குலுங்கி அழுதார். தென்றல் சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள். முந்தானையால் அவருடைய கையைத் துடைத்தாள். துடைத்து முடித்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“நீயும் கேட்டுடும்மா.”

ஆதிலட்சுமி வாயைத் திறந்தாள். தலை பின்னிய அன்று விழுங்கிய கேள்வி இப்போதும் வெளியே வரவில்லை. தென்றல் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு, இவர்களுக்கும் சேர்த்து உலை வைப்பதற்காக உள்ளே போனாள்.